அம்மாவின் ஐ.என்.ஆர். கருவிக்கு இன்சூரன்ஸ் பணம் தருமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மதுரையிலிருந்து டெல்லி துவாரகாவுக்கு வந்து நான்கு மாதம். அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் (செயற்கை) வால்வு வைத்திருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் எண்ணை, பார்க்க வேண்டும். பகலில் அம்மா தனியாக இருக்கிறார், இந்தி தெரியாது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா “விரலில் குத்திப் பார்க்கும் கருவியை இன்சூரன்ஸே கொடுக்கும், கேள்” என்கிறார். ஆபீஸ் பாலிசியில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கணவருக்கும் அதே இடத்தில் அதே மாதிரி வால்வுதான். மயூர் விஹாரில் இருபத்தாறு வருடமாக இருக்கிறோம். கருவி வாங்கி ஏழு வருடம் ஆகிறது. அந்த பில்லுக்கு நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

சித்தப்பா சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸ் 2002-லேயே மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்களுக்கு இந்த வசதியைக் கொடுத்துவிட்டது. 2008-ல் நாள்பட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) உள்ளவர்களையும் காலில், நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர்களையும் சேர்த்தார்கள். அதற்கும் நிபந்தனை உண்டு: மூன்று மாதமாவது வார்ஃபரின் (ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிட்டிருக்க வேண்டும், நேரில் பயிற்சி எடுக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு டெஸ்டுக்கு மேல் பணம் கிடையாது.

நம் பாலிசிகளின் அஸ்திவாரமே வேறு. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். வீட்டில் வைத்துப் பார்க்கும் சாமான் என்றாலே அதில் இடம் இருக்காது. தெர்மாமீட்டர், நெபுலைசர், வெளியில் பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வழக்கமாகக் கழித்துவிடும் பட்டியலில் பார்த்திருப்பீர்கள். அதனால் சாதாரணப் பாலிசியில் கருவி கிடைக்கும் என்று நம்பி ஒரு டெஸ்டைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் உங்களுடையது கம்பெனி குரூப் பாலிசி. ஹெச்.ஆரிடம் “ஐ.என்.ஆர். மெஷின் கவர் ஆகுமா?” என்று கேட்டால் இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். “ஓ.பி.டி. (ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்க்கும் வைத்தியம்) லிமிட் இருக்கிறதா, அது பெற்றோருக்கும் உண்டா, அதில் டயக்னாஸ்டிக் டெஸ்ட் வருமா, டெஸ்ட் ஸ்ட்ரிப் (ரத்தச் சொட்டை வைக்கும் பட்டை) வருமா?” என்று கேளுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் அதிலேயே வாங்குங்கள். பாலிசி புத்தகத்தில் இல்லாத சில சலுகைகளைக் கம்பெனிகள் தனியாகப் பேசி வாங்கியிருப்பார்கள், அது ஹெச்.ஆருக்குத்தான் தெரியும்.

எங்கள் கதை இதுதான். கருவியை வாங்கிய கையோடு பில்லை மட்டும் அனுப்பிவிட்டோம். பில்லில் ‘மெடிக்கல் எக்விப்மென்ட்’ என்று ஒரே வரி. டாக்டர் சீட்டின் தேதி பில்லுக்கு மூன்று நாள் பின்னால் இருந்தது. வீட்டு உபயோகப் பொருள் என்று திருப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி இவர் அந்தக் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் கார்டியாலஜிஸ்டிடம் முறையாகக் கடிதம் வாங்கினோம். எந்த வால்வு, எந்த வருடம் வைத்தது, ஐ.என்.ஆர். எந்த அளவுக்குள் இருக்க வேண்டும், ஆறு மாதத்தில் எத்தனை முறை அளவு தாண்டியது, கையில் நரம்பு கிடைக்காமல் எத்தனை முறை குத்தினார்கள், வாழ்நாள் முழுக்க இந்தச் சோதனை தேவை என்பது, எல்லாம் அதில் இருந்தது. ஆறு மாத லேப் ரிப்போர்ட்டையும் பின்னால் இணைத்தோம். கருவிக்குக் கடைசிவரை பணம் வரவில்லை. ஆனால் ஸ்ட்ரிப்புகளை டெஸ்ட் செலவாக எடுத்துக்கொண்டு ஓ.பி.டி. லிமிட்டுக்குள் கொடுத்தார்கள். கருவி ஒருமுறைச் செலவு. வாரம் ஒன்று என்றால் வருடத்துக்கு 52 ஸ்ட்ரிப், கையைக் கடிப்பது அதுதான். எனவே கருவிக்கு மல்லுக்கட்டுவதைவிட ஸ்ட்ரிப்புக்குப் போராடுங்கள்.

மறுத்தால் பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி. டெல்லி அலுவலகம் ஆசஃப் அலி ரோட்டில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஓ.பி.டி. உங்கள் பாலிசியில் தெளிவாக இருந்தும் மறுத்தால் போங்கள். பாலிசியிலேயே இல்லாததற்குப் போய் வருத்தப்படாதீர்கள்.

இன்னொன்று. வேலை மாறினால் அந்தக் குரூப் பாலிசி அன்றோடு போய்விடும். அம்மா பெயரில் தனியாக ஒன்று இப்போதே தொடங்கிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம்தான். அந்த மூன்று வருடம் உங்கள் ஆபீஸ் பாலிசியின் நிழலிலேயே ஓடிவிடும். வால்வு விஷயத்தை விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் வாங்குவது என்று முடிவெடுத்தால், சாந்தினி சவுக் பகீரத் பேலஸில் விலை குறையும். ஜி.எஸ்.டி. பில், சீரியல் நம்பர், ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதி மூன்றையும் பார்த்து வாங்குங்கள். எங்களிடம் இருப்பது கோவாகுசெக் எக்ஸ்.எஸ். ஒரு சின்னச் சொட்டு, ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். குத்திய 15 நொடிக்குள் சொட்டை வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ரத்தம் உறைய ஆரம்பித்துவிடும்.

டெல்லி வெயிலும் குளிரும் இந்தக் கருவிக்கு ஆகாது. ஸ்ட்ரிப்பை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு மே மாதம் கூரியர்காரர் டப்பாவை வாசல் காவலர் அறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் போய் எடுத்தபோது தகரக் கூரைக்கு அடியில் தொடமுடியாத சூட்டில் இருந்தது. முழு டப்பாவையும் தூக்கிப் போட்டோம். ஜனவரியில் நேர்மாறு. அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் கருவி வேலை செய்யாது, விரலிலும் ரத்தம் வராது. வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் குத்துவோம்.

இங்கே வந்த புதிதில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் டெல்லி முழுக்கக் கீரைதான். சர்சோன், பதுவா, பாலக், மேத்தி என்று பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் கிண்ணம் கிண்ணமாக வரும். எல்லாம் விட்டமின் கே, அது வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும். முதல் டிசம்பரில் இவருக்கு ஐ.என்.ஆர். 1.6-க்கு இறங்கிவிட்டது, இருக்க வேண்டியது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில். அம்மாவைக் கீரையே சாப்பிட வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மதுரையில் வாரத்துக்கு எவ்வளவு சாப்பிட்டாரோ அதே அளவு இங்கேயும் போதும்.

கருவி வரும்வரை பயப்படாதீர்கள். அமெரிக்காவில் சுமார் 2,900 பேரை வைத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் வீட்டில் பார்த்தவர்களுக்கும் மாதந்தோறும் நல்ல கிளினிக்கில் பார்த்தவர்களுக்கும் பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு, மரணம் இவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒழுங்காக நாள் தவறாமல் பார்ப்பதுதான் காப்பாற்றுகிறது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப் துவாரகாவில் நிறைய உண்டு. காலை ஏழு மணிக்கு, நீங்கள் கிளம்பும் முன் வரச்சொல்லுங்கள். அம்மாவுக்கு இந்தி பேசும் கஷ்டம் இருக்காது. கருவி வந்த பிறகும் எண்ணைப் பார்த்து மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள், டாக்டருக்கு அனுப்பிவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இங்கே அழைத்து வாருங்கள். துவாரகாவிலிருந்து ப்ளூ லைனில் ஏறினால் மாறாமல் மயூர் விஹார் வரலாம். அன்று காலையே லேப் டெஸ்டும் கொடுத்துவிடுங்கள். புது ஊசி, புது ஸ்ட்ரிப் போட்டு எங்கள் கருவியிலும் பார்த்துவிடலாம், இரண்டு எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று. அம்மாவுக்கும் தமிழில் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.