ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு: போர்டை மாற்றும் முன் ரேமைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, காவேரிப்பட்டணம் பக்கம் அப்பாவுக்கு மாங்காய் மண்டி. கணக்கெல்லாம் 2010-ல் வாங்கிய டெஸ்க்டாப்பில், டேலியில்தான் போடுகிறோம். போன ஆடியில் சீசன் முடிந்ததும் துணி சுற்றி மூலையில் வைத்தது. இப்போது மண்டிக்கு வெள்ளையடித்து, எடுத்து மாட்டினால் ஃபேன் ஓடுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, மானிட்டர் லைட் கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சாகிவிடுகிறது. ஒரு கடையில் காட்டினோம், "போர்டு போச்சு, ஹார்ட் டிஸ்கும் சேர்த்து மாத்திடலாம்" என்கிறார்கள். ஐந்து வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். திரை கறுப்பாக இருப்பதற்கும் ஹார்ட் டிஸ்குக்கும் சம்பந்தமில்லை. டிஸ்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஆன் செய்தாலும், நல்ல மெஷினாக இருந்தால் போர்டு (எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டு) கம்பெனியின் பெயரும், பிறகு டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஒரு வரியும் திரையில் வந்தே தீரும். எப்போதாவது ஷார்ட் ஆன டிஸ்க், மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையையே இழுத்து நிறுத்துவது உண்டு, ஆனால் அப்போது ஃபேனும் ஓடாது. அதனால் படம் வராத மெஷினுக்கு டிஸ்க் மாற்றச் சொல்பவரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் அதற்கு முன் டிஸ்கைக் கழற்றி வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு கேபிள், நான்கு ஸ்க்ரூ, அவ்வளவுதான் வேலை.

அடுத்து, ஃபேன் ஓடுகிறது என்பதை வைத்து பெரிதாக எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஃபேனுக்கு 12 வோல்ட் போதும், ப்ராசஸர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் மெஷின் 2010 என்றால் பெரும்பாலும் ஜி41 என்ற இன்டெல் சிப்செட் உள்ள போர்டு, மேலே கோர் 2 டுயோவோ டூயல் கோரோ ப்ராசஸராக இருக்கும். அந்தக் காலத்துப் போர்டில் படம் உருவாக்கும் வேலை போர்டிலேயே உள்ள சிப்பில்தான் நடக்கும், ப்ராசஸருக்குள் இல்லை.

மெஷினைத் திறக்கும் முன் வெளியே இருப்பதை முடித்துவிடலாம். மானிட்டர் ஆனில் இருக்கும்போதே மானிட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் விஜிஏ கேபிளை கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் பிடுங்குங்கள். "நோ சிக்னல்" என்றோ "செக் கேபிள்" என்றோ எழுத்து வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மெஷினின் பின்னால் நீல நிற சாக்கெட் இரண்டு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஒன்று தனி கிராஃபிக்ஸ் கார்டுடையது, கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். கார்டு இருக்கும்போது போர்டு தன்னுடைய சாக்கெட்டை அணைத்துவிடுவது வழக்கம். வெள்ளையடித்துவிட்டு மாட்டும்போது இது மாறிப்போகும், நான் பார்த்த "போர்டு போச்சு" கேஸ்களில் இப்படியும் சில உண்டு.

கேபிள் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். மொத்தம் 15 பின், அதில் நடு வரிசையில் ஒன்று, ஒன்பதாவது, பல கேபிள்களில் தயாரிப்பிலேயே இருக்காது, அதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஏதாவது ஒரு பின் படுத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். நிறத்துக்கான பின் போனால் திரை மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரியும், படத்தை ஒழுங்காக நிறுத்தும் சிங்க் பின் போனால் படமே வராது. கடை ஆரம்பித்த புதிதில் ஒரு ஜெராக்ஸ் கடை மெஷினுக்கு நான் போர்டே மாற்றினேன். மாற்றியும் படம் வரவில்லை. பிறகுதான் கேபிளைத் திருப்பிப் பார்த்தால் 14-ஆவது பின் வயல் வரப்பில் நெற்கதிர் சாய்ந்த மாதிரி படுத்திருக்கிறது. டிவீசரால் நிமிர்த்தினேன், வந்துவிட்டது. போர்டுக்கான காசு என் கைக்காசு.

கேபிளும் சரி என்றால், மெஷினை ஆன் செய்து இரண்டு நிமிடம் விட்டுவிட்டு கீபோர்டில் Num Lock என்று எழுதிய பட்டனைத் தட்டுங்கள். லைட் எரிந்து அணைகிறது என்றால் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் வெளியே வரும் வழியில்தான் தடங்கல். லைட் அசையவே இல்லை என்றால் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. ஆடியிலிருந்து எண்ணினால் எட்டு மாதம் சும்மா கிடந்திருக்கிறது, அதனால் உங்களுடையது இரண்டாவது வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் முதல் சந்தேகம் ரேம் மேல், அதாவது போர்டில் நெட்டாகச் செருகியிருக்கும் மெமரிப் பட்டை மேல்.

பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். ரேமின் இரண்டு பக்கமும் உள்ள வெள்ளைக் க்ளிப்பை வெளியே தள்ளினால் ரேம் தானாக மேலே எழும்பும். அதன் அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை மாதிரி இருக்கும், புதிதில் பளபளக்கும், உங்களுடையதில் பாருங்கள், மங்கலாக, பழைய பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பென்சில் ரப்பர் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக, ஒரே திசையில், இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பு ரப்பர் வேண்டாம், அது தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். ரப்பர் கறுப்பாகும், அதுதான் இத்தனை நாள் இடையில் நின்றது. ரப்பர் தூள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் விழாமல் தள்ளி வைத்துச் செய்து, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்லாட்டில் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் போகும்.

மாட்டும்போது ஒரே ஒரு ரேமை, ப்ராசஸருக்குப் பக்கத்து ஸ்லாட்டில், இரண்டு க்ளிப்பும் தானாக "டக்" என்று மூடும் வரை அழுத்துங்கள். பாதி பேர் இங்கேதான் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். வரவில்லை என்றால் அடுத்த ஸ்லாட், பிறகு அடுத்த ரேம், இப்படி மாற்றி மாற்றி எல்லாம் பார்த்துவிடுங்கள். என் கடைக்கு வரும் இந்தப் புகாரில் பெரும்பாலானவை இந்த இடத்தில் முடிந்துவிடும், மெஷின் சும்மா கிடந்தது என்றால் சொல்லவே வேண்டாம்.

அதிலும் வரவில்லை என்றால்தான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும், அதையும் ஊகத்தில் பேச வேண்டியதில்லை. போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதிய நான்கு பின் இருக்கும், அதில் மாட்ட ஒரு சின்ன பஸ்ஸர் எந்த கம்ப்யூட்டர் கடையிலும் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். அதை மாட்டிவிட்டு, ரேமை முழுக்கக் கழற்றி வைத்துவிட்டு, ஆன் செய்யுங்கள். மெஷின் விட்டு விட்டுக் கத்தினால் போர்டும் ப்ராசஸரும் பயாஸும் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்) உயிரோடு இருக்கின்றன, ரேம் எங்கே என்று கேட்கின்றன. போர்டு போச்சு என்று சொன்னவருக்கு அந்தச் சத்தமே பதில். ரேம் மாட்டிய பிறகு ஒரே ஒரு சின்ன பீப் வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம், நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் வந்தால் பல போர்டுகளில் படம் காட்டும் பகுதியில் கோளாறு. பீப் கணக்கு பயாஸுக்கு பயாஸ் மாறும். ரேம் இல்லாமலும் கத்தவே இல்லை என்றால் மூன்று பேரில் ஒருவர் காரணம்: சப்ளை, ப்ராசஸர், போர்டு.

அதற்கு முன் பேட்டரி. போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக, சிஆர்2032, 3 வோல்ட். எட்டு மாதம் கரண்ட் இல்லாமல் கிடந்த பழைய மெஷினில் இது செத்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பல போர்டுகள் பேட்டரி இல்லாவிட்டாலும் ஓடும், எஃப்1 அழுத்தச் சொல்லும், ஆனால் உள்ளே இருக்கும் செட்டிங் குழம்பிப்போய்ப் படமே காட்டாமல் நிற்கிற போர்டுகளும் உண்டு. கார்டைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றி ஒரு பத்து நிமிடம் விட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது நான் சப்ளை என்று சொன்ன பெட்டி. அதைத் திறக்காதீர்கள், இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், கார்டைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். வெளியிலிருந்தே டார்ச் அடித்து ஃபேன் கம்பி வலை வழியாகப் பாருங்கள். நம் ஊரில் மூலையில் கிடந்த மெஷினுக்குள் எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் சாதாரணம். ஒரு புளி மண்டி மெஷினில் பல்லி காய்ந்து, எலும்பு மட்டும் சர்க்யூட்டோடு ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பர்கூர் பக்கத்து கிரானைட் பட்டறை மெஷின்கள் இன்னொரு தனி ரகம், ப்ராசஸர் ஃபேனுக்கு அடியில் வெள்ளை மாவு அடை மாதிரி அப்பியிருக்கும். ஆன் ஆகி ஐந்தாறு விநாடியில் தானே அணைகிற மெஷின் என்றால் அந்த ஃபேனையும் அடியில் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருக்கிறவர் பக்கத்தில் இருந்தால் சப்ளையைத் தனியாகச் சோதிக்கலாம். போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் பக்கத்து கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் க்ளிப்பால் இணைத்தால் சப்ளை தானாக ஓடும். மஞ்சளில் 11.4-லிருந்து 12.6 வரை, சிவப்பில் 4.75-லிருந்து 5.25 வரை, ஆரஞ்சில் 3.14-லிருந்து 3.47 வரை இருக்க வேண்டும். குறைந்தால் சப்ளையை மாற்றுங்கள். சரியாகக் காட்டினாலும் முழு நம்பிக்கை வேண்டாம், லோடு ஏறும்போது படுத்துவிடும் சப்ளைகள் உண்டு, அதனால் நன்றாக ஓடும் வேறொரு மெஷினின் சப்ளையை மாட்டிப் பார்ப்பதுதான் உறுதி. அப்புறம், ப்ராசஸர் பக்கத்தில் மஞ்சளும் கறுப்புமாக நான்கு பின் தனிக் கனெக்டர் ஒன்று இருக்கும், அதை மாட்ட மறந்தாலும் ஃபேன் சுற்றும், படம் மட்டும் வராது.

சப்ளை நல்லது, பேட்டரி புதிது, ரேம் இல்லாமலும் சத்தமில்லை. அப்படியானால் போர்டை வெளியே எடுத்து மாம்பழப் பெட்டி அட்டை ஒன்றின் மேல் வைத்து, ப்ராசஸரும் பஸ்ஸரும் சப்ளையும் மட்டும் மாட்டி, பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஓட்டிப் பாருங்கள். கேபினட்டில் எங்காவது உரசி ஷார்ட் ஆகியிருந்தால் இதில் தெரிந்துவிடும். ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், தோசை உப்பின மாதிரி எழும்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டு உண்மையிலேயே போய்விட்டது. கப்பாசிட்டர் மட்டும் மாற்றிச் சாலிடர் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்த வயதுப் போர்டுக்கு அந்தச் செலவு எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜி41 போர்டுக்கு இப்போது புதுப் போர்டு என்று விற்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. அதற்குப் பதில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்பி ரோட்டிலோ நம் ஊரிலோ கம்பெனிகளில் ஓடிக் கழித்த பழைய டெஸ்க்டாப் ஒன்றை முழுதாக வாங்கிவிடலாம், ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கெட்டது ரேம் மட்டும்தான் என்றால் பழைய ரேம் சில நூறு ரூபாயில் கிடைக்கும், ஆனால் டிடிஆர்2-வா டிடிஆர்3-யா என்று உங்கள் ரேம் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டு போங்கள், வெட்டு இடம் மாறும், ஒன்று மற்றதில் ஏறாது. டிடிஆர்3-யில் 4 ஜிபி ஒற்றை ரேம் வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கிறதா எண்ணிப் பாருங்கள், எட்டு சிப் உள்ளதை ஜி41 பெரும்பாலும் ஏற்காது, மறுபடி கறுப்புத் திரைதான். இந்த மெஷினில் ஓடிய பழைய டேலிக்கு 2 ஜிபியே போதும்.

மெஷின் மாற்ற வேண்டி வந்தால் பழைய டிஸ்கிலிருந்து விண்டோஸை ஓட்டப் பார்க்காதீர்கள், வேறு போர்டில் நீலத் திரை வர வாய்ப்பு அதிகம். இரண்டாவது டிஸ்காக மாட்டியோ, தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி கன்வெர்ட்டரில் போட்டோ, டேலி இருந்த ஃபோல்டருக்குள் டேட்டா என்பதைத் திறந்தால் 10000, 10001 என்று ஐந்து இலக்கப் பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும். அவைதான் உங்கள் ஐந்து வருடம். அப்படியே பென் டிரைவில் எடுங்கள்.

ரேம் தேய்த்ததிலேயே படம் வந்துவிட்டாலும் இந்த நகல் வேலையை அன்றைக்கே செய்யுங்கள். கூடவே பயாஸில் தேதியைப் பாருங்கள், பேட்டரி செத்ததால் 2009-க்கோ 2010-க்கோ போயிருக்கும். அதைத் திருத்தாமல் விட்டால் ஜிஎஸ்டி தளம் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்காது. செந்தூரா மாங்காய் வரத்து ஆரம்பித்த பிறகு இதற்கெல்லாம் உங்களுக்கு நேரம் கிடைக்காது, இந்த வாரமே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.