ஆட்ட நாளும் சிவப்புக் கோப்பையும்: மாணவர் கேள்விகளுக்குச் சில பதில்கள்

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், மிச்சிகன் பல்கலைக்கழக அணி சொந்த மைதானத்தில் அமெரிக்க ஃபுட்பால் ஆடும் சனிக்கிழமைகளில், 1,07,601 பேர் அமரக்கூடிய அரங்கைச் சுற்றியுள்ள கோல்ஃப் திடலிலும் வாகன நிறுத்தங்களிலும் காலை எட்டு மணிக்கே கார்களின் பின்கதவுகள் திறந்து, அடுப்புகள் மூட்டப்பட்டு, பீர்ப் பெட்டிகள் இறங்கிவிடும். இதைத்தான் டெயில்கேட் என்கிறார்கள். இங்கே புதிதாகப் படிக்க வந்த நம் மாணவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தண்டனை விவரங்கள் மிச்சிகன் சட்டப்படி சொல்லப்பட்டவை. மற்ற மாநிலங்களில் அவை வேறுபடும்.

கேள்வி: எனக்கு வயது 20. புதுச்சேரியில் 18 வயதிலிருந்தே சட்டப்படி குடிக்கலாம். இங்கே நான் குடிக்காமல், நண்பனின் கோப்பையைக் கையில் வாங்கி வைத்திருந்தாலும் குற்றமா?

குற்றம்தான். மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கும் மத்தியச் சட்டம் 1984இல் வந்தது; 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. மிச்சிகனில் 21 வயது நிரம்பாதவர் மது வாங்குவதும், குடிப்பதும், கைவசம் வைத்திருப்பதும், உடலில் மது இருக்கும் நிலையில் இருப்பதும் தடை செய்யப்பட்டவை. 2018 முதல், முதல் முறை பிடிபட்டால் 100 டாலர் வரை அபராதத்தோடு போகும். இரண்டாம் முறை அது குற்ற வழக்காகிவிடும். கோப்பை யாருடையது என்ற விளக்கம் காவலரிடம் எடுபடாது. மூடியுள்ள தண்ணீர்ப் புட்டி ஒன்றை நீங்களே கொண்டுபோய்க் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கை காலியாக இருப்பவரைத்தான் ‘ஒன்று எடுத்துக்கொள்’ என்று நச்சரிப்பார்கள்.

கேள்வி: நான் முதுநிலை மாணவன், வயது 23. இளநிலைத் தம்பிகள் பணம் கொடுத்து பீர் வாங்கித் தரச் சொல்கிறார்கள். மறுக்கச் சங்கடமாக இருக்கிறது.

சங்கடப்படாமல் மறுத்துவிடுங்கள். வாங்கிக் கொடுப்பவருக்கு முதல் முறையே 60 நாள் வரை சிறையும் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். அந்த மதுவால் உயிர் போனால் பத்தாண்டு வரை சிறை. வயதுச் சான்றாகக் காட்ட உங்கள் ஓட்டுநர் உரிமத்தை இரவல் கொடுப்பதும் வேண்டாம்.

கேள்வி: ‘ஒரு டிரிங்க்’ என்றால் எவ்வளவு? நான் மூன்றுதான் குடித்தேன் என்று நினைத்தேன். பிற்பகல் எப்படிப் போனது என்றே நினைவில்லை.

இந்தக் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். இங்கே ஓர் அளவு என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். அதாவது, 5 விழுக்காட்டு பீர் என்றால் 355 மி.லி., ஒயின் என்றால் 148 மி.லி., 40 விழுக்காட்டு விஸ்கியோ வோட்காவோ என்றால் 44 மி.லி. நம் ஊர் ஸ்மால் பெக் 30 மி.லி., லார்ஜ் 60 மி.லி. என்பதால் இரண்டோடும் இது பொருந்தாது. போதாக்குறைக்கு, டெயில்கேட்டில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை. அறிமுக வகுப்பில் மாணவர்களிடம் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து, கண்ணளவில் ‘ஒன்று’ ஊற்றச் சொல்வேன், வெறும் தண்ணீரைத்தான். பிறகு அளவுக் குவளையில் மாற்றிப் பார்த்தால் 80, 90 மி.லி. வரும். அரை லிட்டருக்கும் மேல் கொள்ளும் கோப்பையில் அது அடியில் ஒரு விரற்கடையாகத்தான் தெரிகிறது. அதன் மேல் எலுமிச்சைச் சாறும் சோடாவும் நிரம்பினால் நாக்குக்கும் தெரியாது. உங்கள் மூன்று, கணக்குப்படி ஆறாக இருந்திருக்கலாம்.

கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஓர் அளவைத்தான் கையாளும். காப்பியோ, பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதை விரைவுபடுத்தாது. காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் தொடங்கி, நண்பகல் ஆட்டத்துக்குள் ஆறு அளவு உள்ளே போயிருந்தால், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதும் உடலில் மது மிச்சம் இருக்கக்கூடும். குடிப்பதாக இருந்தால் முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள், மூடிய கேனில் வரும் பீரையே எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர் குடியுங்கள். ஆற்றல் பானத்தைக் கலக்காதீர்கள். அது மயக்கத்தை மறைக்குமே தவிரக் குறைக்காது.

கேள்வி: அறைத்தோழன் போதையில் எழுப்ப முடியாமல் கிடந்தான். அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தால் விசா போய்விடும் என்று எல்லாரும் பயந்து, விடியும்வரை காவல் இருந்தோம். செய்தது சரியா?

தவறு, அவர் பிழைத்தது உங்கள் நல்ல காலம். தூங்கினால் தெளிந்துவிடும் என்பது உண்மையல்ல. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் உள்ளது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தட்டியும் கிள்ளியும் விழிக்காதது, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, இரு மூச்சுக்கிடையே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி, வலிப்பு, உதடோ நகமோ நீலம் பாரிப்பது, தோல் சில்லிட்டு ஈரமாவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அழையுங்கள். வண்டி வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் போய்விடும். வாந்தி எடுக்கவைக்க மோர், உப்புத் தண்ணீர் என்று எதையும் புகட்டாதீர்கள்.

உங்கள் அச்சத்துக்குச் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 21 நிரம்பாதவர் மருத்துவ உதவி நாடி அழைத்தாலும், நண்பரோடு மருத்துவமனைக்குப் போனாலும், குடித்ததற்காக மட்டும் அவர்மீது வழக்குப் போடக் கூடாது என்று 2012 முதல் மிச்சிகனில் விதி இருக்கிறது. வேறு பல மாநிலங்களிலும் இதுபோன்ற விதிகள் உள்ளன. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

கேள்வி: அப்படியானால் விசாவுக்கு உண்மையில் எதனால் ஆபத்து?

கார்ச் சாவியால். இந்தியாவில் ஓட்டுநரின் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் வரம்பு, இங்கே பெரும்பாலான மாநிலங்களில் 80 மி.கி. என்றதும் தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சிகனில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 20 மி.கி.யே குற்றம்; வயது வந்தவருக்கும், வரம்புக்குள் இருந்தாலும் ஓட்டுவதில் தடுமாற்றம் தெரிந்தால் வழக்கு உண்டு. போதையில் ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல், விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது. விசா ரத்தாவது வேறு, மாணவர் நிலை முடிவது வேறு. ஆனாலும் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கைது விவரத்தைப் படிவத்தில் சொல்ல வேண்டும், தூதரகம் குறிப்பிடும் மருத்துவரின் பரிசோதனைக்கும் போக வேண்டியிருக்கும். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். ‘காருக்குள் கொஞ்சம் தூங்கிவிட்டுப் போகிறேன்’ என்று சாவியோடு ஓட்டுநர் இருக்கையில் சாய்வதும் வினையாகலாம். திறந்த புட்டியை வண்டிக்குள் வைப்பதும் குற்றம்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு தாயார்): என் மகன் குடித்துப் பிடிபட்டால் பல்கலைக்கழகம் எனக்குச் சொல்லுமா, ஐயா?

மகனுக்கு 21 ஆகவில்லை என்றால் சொல்லலாம் என்று 1998இல் சட்டம் திருத்தப்பட்டது, அம்மா; சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. 21 கடந்தவரென்றால் பொதுவாக அவர் இசைவின்றிச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர், அக்டோபரில் இங்கே நண்பகலுக்குத் தொடங்கும் ஆட்டம் உங்களுக்கு இரவு 9.30க்குத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை நீளும். லட்சம் பேர் கூடிய அரங்கில் கைபேசி இணைப்பும் திணறும். அந்த நேரத்தில் மகன் எடுக்கவில்லை என்று பதற வேண்டாம். அறைத்தோழர்கள் இரண்டு பேரின் எண்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.