நுரையீரலில் பூஞ்சை என்றால் முதுகில் எதற்கு ஊசி?

கிட்னி மாற்று அறுவை செய்துகொண்ட அப்பாவுக்கு நுரையீரலில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை; தலைவலியே இல்லாதவருக்கு முதுகுத்தண்டு நீர் எடுப்பது ஏன், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயப்படாதீர்கள், உங்களுக்குத் தொற்றாது. பெரும்பாலும் புறா எச்சம் கலந்த தூசியை மூச்சில் இழுப்பதால் வருவது இது. இருமினால் அடுத்தவருக்குப் பரவாது.

ஆனால் அவர் உடலுக்குள்ளேயே பரவும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் வழியாக மூளை உறை வரை போய்விடலாம், அதுவும் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல். அதனால்தான் ரத்தத்தில் ஆன்டிஜென் (பூஞ்சையின் தடயம்) பரிசோதனையோடு, மூளையைச் சுற்றியும் ஓடும் அந்த முதுகுத்தண்டு நீரையும் பார்க்கிறார்கள். தயவுசெய்து மறுக்காதீர்கள், வைத்தியமே அதை வைத்துத்தான். லேசாக, நுரையீரலோடு நின்றிருந்தால் ஃப்ளூகோனசோல் மாத்திரை, வழக்கமாக 6 முதல் 12 மாதம். மூளையைத் தொட்டிருந்தால் முதலில் ஆம்போடெரிசின் பி ஊசியும் ஃப்ளூசைட்டோசினும். ஃப்ளூகோனசோல் அதற்குப் பிறகு.

இன்னொன்று. எதிர்ப்புச் சக்தியை அடக்க அவர் டாக்ரோலிமஸ் மாத்திரை எடுக்கிறார் என்றால், ஃப்ளூகோனசோல் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்; புதுக் கிட்னிக்கு அது கெடுதல். அளவைப் பார்த்து டாக்டர் டோஸைக் குறைப்பார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பேச்சில் குழப்பம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.