பூனை நூலை விழுங்கினால் இழுத்து எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பூனைக்கு ஏழு மாதம். பூச்சரத்து நூலை நேற்று விழுங்கிவிட்டது. இரவிலிருந்து மூன்று முறை வாந்தி. இன்று ஆசனவாயில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்குகிறது. இழுத்து எடுக்கலாமா? பெட் ஷாப்பில் விளக்கெண்ணெய் புகட்டச் சொல்கிறார்கள்.
— வாசகி, கும்பகோணம்

இழுக்கவே இழுக்காதீர்கள். மறு நுனி நாக்குக்கு அடியிலோ இரைப்பையிலோ மாட்டியிருக்கலாம். குடல் நூலைக் கீழே தள்ளப் பார்க்கும், நூல் நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் நூலின்மேல் ஏறிச் சுருங்கும். அந்த மடிப்புகளை நூல் ரம்பம்போல் அறுக்கும். ஓட்டை விழுந்தால் வயிற்றுக்குள் சீழ். மல்லிகையில் விஷமில்லை, ஆபத்து நூலில்தான்.

தொங்குவதைப் பூனை கடித்து இழுக்காதபடி, ஓர் அங்குலம் விட்டுக் கத்தரித்துவிடலாம். மிச்சம் உள்ளே போய்விட்டால் பதறவேண்டாம், மருத்துவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் வாயில் நூல் தெரிந்தால் கத்தரிக்கக் கூடாது. தையல் மெஷின் இருக்கும் வீட்டில் நூலோடு ஊசியும் போயிருக்கலாம். ஊசி தொண்டையில் குத்தி நின்றால், அந்த நூலைப் பிடித்துத்தான் அதைத் தேடி எடுப்போம். நீங்கள் வெட்டினால் நுனி வழுக்கி உள்ளே போய்விடும், வழி தொலைந்தது. நாக்கில் சுற்றியிருந்தாலும் வெட்டலாமா என்று மயக்கம் கொடுத்துப் பார்த்தபிறகு மருத்துவர் முடிவு செய்யட்டும். பார்க்க விரும்பினால்: நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து, வெளியே தாடை எலும்புகளுக்கு நடுவே கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்துங்கள், நாக்கு தூக்கிக்கொடுக்கும். கடிக்க வந்தால் விட்டுவிடுங்கள்.

விளக்கெண்ணெய் சொன்னவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அது குடலை இன்னும் வேகமாகத் தள்ளவைக்கும், அறுப்பு கூடும். வாந்தி எடுக்கும் பூனைக்குப் புகட்டினால் நுரையீரலில் இறங்கும். வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

இவர்களைவிட மோசம், வீட்டுக்கே வந்து வாந்தி நிற்க ஊசி போட்டுப் போகிறவர்கள். வாந்தி நிற்கும், நூல் அறுப்பது நிற்காது. 'தேறிவிட்டது' என்று இரண்டு நாள் கழித்து, குடல் கிழிந்தபிறகு கொண்டுவருகிறார்கள்.

எக்ஸ்ரேயில் தையல் ஊசி தெரியும், நூல் தெரியாது. ஆகவே 'ஒன்றுமில்லை' என்ற வார்த்தையோடு திரும்பிவராதீர்கள். குடல் ஓரிடத்தில் கொத்தாகக் குவிந்திருக்கிறதா, காற்று கமா வடிவில் சின்னச் சின்னதாகச் சிதறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். நாக்குக்கு அடியில் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உள்ளூர்க் கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே அமைந்தது. பூனைக்கு எக்ஸ்ரே என்றால் வேறிடம் போகச் சொல்வார்கள்; சொல்வதற்குள் பாதி நாள் போய்விடும். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குக் கூப்பிட்டுக் காத்திருப்பதும் வீண். நேராக ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். அறுவை செய்யும் தனியார் மருத்துவமனை அருகில் இருந்தால் அதுவும் சரி, ஆனால் இன்றே அறுவை செய்வார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதிலிருந்து சாப்பாடு வேண்டாம், மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்கவேண்டும். அதே நூல்கண்டில் ஒரு துண்டை எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

குடலைத் திறந்து எடுத்தால், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் தையல் விட்டுக்கொள்ளும் காலம். அந்த நாட்களில் மறுபடி வாந்தி வந்தாலோ, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாலோ, வயிற்றைத் தொட விடாவிட்டாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அதே மருத்துவரிடம் அப்போதே தூக்கிச் செல்லுங்கள்.