பானைக்குள் குத்திய கை

கேள்வி: போதகர் ஐயா, கடவுளை அறியாததால்தான் மனுஷன் தப்புப் பண்ணுகிறான் என்கிறீர்கள். ஆலயத்திலேயே வளர்ந்தவர்கள் பண்ணுகிற தப்புக்கு என்ன சொல்வீர்கள்?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: சரியான கேள்வி அம்மா. 1 சாமுவேல் 2-ம் அதிகாரத்தை எடுங்கள். இஸ்ரவேலர் பலியிட்டு வழிபட்ட கூடாரம் சீலோ என்ற ஊரில் இருந்தது. அங்கே ஆசாரியராக, அதாவது பலி செலுத்தும் குருவாக இருந்த ஏலியின் மகன்கள் ஓப்னி, பினெகாஸ். இருவருமே ஆசாரியர்கள். ஆனாலும் ‘கர்த்தரை அறியவில்லை’ என்கிறது வேதம். சட்டம் அவர்களுக்கு நாக்கு நுனியில் இருந்திருக்கும். சட்டம் தந்தவரைத்தான் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். பலியில் மார்க்கண்டமும் (நெஞ்சுக்கறி) வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு என்று லேவியராகமம் 7-ல் இருக்கிறது. அது போதவில்லை. கறி வேகும்போதே வேலைக்காரன் மூன்று முள் ஆயுதத்தோடு வந்து பானைக்குள் குத்துவான்; மாட்டியதெல்லாம் அவர்களுக்கு. அப்புறம், கொழுப்பைக் கர்த்தருக்கு எரிக்கும் முன்பே பச்சைக் கறியாகவே கேட்டார்கள். ‘முதலில் கொழுப்பு எரியட்டும், பிறகு வேண்டியதை எடுத்துக்கொள்’ என்று பலி கொண்டுவந்தவன் சொன்னால், ‘இப்பவே தா, இல்லாவிட்டால் பிடுங்கிக்கொள்வேன்’ என்று மிரட்டல். பாருங்கள், சாதாரண ஆளுக்கு இருந்த பயம் ஆசாரியன் மகனுக்கு இல்லை. (ஆலய அசன விருந்தில் பந்தி போடும் முன்பே நல்ல கறி எந்த வாளியில் போகிறது என்று நானும் பார்த்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.)

அவர்கள் அக்கிரமம் கறியோடு நிற்கவில்லை; கூடார வாசலில் கூடிய பெண்களோடு தகாத உறவு வரை போனது. ஏலி கண்டித்தார், மகன்களின் பதவியில் மட்டும் கை வைக்கவில்லை. என் கோபம் பாதி அவர்மேல்தான். அந்தக் காணிக்கையில் அவரும் சேர்ந்து கொழுத்தார் என்று 29-ம் வசனத்தில் குற்றச்சாட்டே இருக்கிறது.