புதுமைகளை நம்பாதவர் புனிதர் வரலாறுகளைப் படிக்கலாமா?

அற்புதங்களில் நம்பிக்கை இல்லாத ஒருவர் கத்தோலிக்கப் புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பதால் ஏதேனும் பயன் உண்டா, அல்லது அது வெறும் பழங்கதை படிப்பதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வரலாறுகளைப் படித்து வருபவன் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ஊர்த் திருவிழாவுக்குத் தவறாமல் செல்பவன். ஆனால் விசுவாசப் பிரமாணத்தின் (கத்தோலிக்க நம்பிக்கையை அறிக்கையிடும் செபத்தின்) ஒவ்வொரு வரியையும் மனமாரச் சொல்ல முடிகிறதா என்று கேட்டால் தயங்குபவன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வளர்ந்தேன். மாலைச் செபமாலை முடிந்ததும் ஆச்சி அன்றைய நாளுக்குரிய அர்ச்சியசிஷ்டரின், அதாவது புனிதரின், வரலாற்றை மடியில் வைத்து வாசிப்பார். அற்புதம் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் ‘புதுமை’ என்று பெயர். ஒரு நாள் மீன் ஏலக்கூடத்தில், ஓட்டின்மேல் சிலுவை போன்ற குறியுடைய நண்டு ஒன்றை எடுத்துக் காட்டி, பதினாறாம் நூற்றாண்டில் எங்கள் கடற்கரையில் மறைபரப்பிய புனித சவேரியார் கடலில் தவறவிட்ட பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை) கொடுக்கில் கவ்விக் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்த நண்டின் வம்சம் இது என்று சொன்னார். அதை வாங்கிப் பிற்பாடு குழம்பு வைத்ததிலும் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

அந்த நண்டுதான் என்னை முதலில் சந்தேகப்பட வைத்தது. கல்லூரியில் படிக்கும்போது அதன் மூலத்தைத் தேடிப் போனேன். நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படுவது 1546-இல், எங்கள் கடலில் அல்ல, கிழக்கே இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளுக்கு அருகில். அது பதிவானது, பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் ஒருவர் சொன்ன சாட்சியத்தில். சவேரியாரின் கடிதங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. அவற்றில் எங்கும் இந்த நண்டு இல்லை. இதைக் கண்டதும் வெற்றி பெற்றவனைப் போல உணர்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நண்டு இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகத் திறந்த கடிதங்களை அதன்பிறகு மூடி வைக்க முடியவில்லை.

காரணம், புராணம் சொல்லும் சவேரியாரும் கடிதம் எழுதும் சவேரியாரும் ஏறத்தாழ எதிரெதிரான மனிதர்கள். பின்னால் எழுதப்பட்ட வரலாறுகளில் அவர் பன்மொழி பேசும் வரம் பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மொழியில் தடையின்றிப் பிரசங்கம் செய்தவர். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ரோமைக்கு அவரே எழுதிய கடிதமோ, இந்த மக்களின் மொழி எனக்குப் புரியாது, என் மொழி இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேசுவது மலபார், என் தாய்மொழி பாஸ்க் என்கிறது. (தமிழைப் போர்த்துக்கீசியர் அன்று மலபார் என்றே அழைத்தனர்.) இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து, பல நாள் பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்ததாக எழுதுகிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிடுகிறது, ஒரே செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் அடைத்துவிடுகிறது என்றும் அதே கடிதத்தில் வருகிறது. வரம் பெற்றவருக்கு இத்தனை பாடு எதற்கு?

இன்னும் சுவையான ஓரிடம் உண்டு. முத்துக்குளித்துறையில் தமக்குத் துணையாக இருந்த பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்பவருக்கு அவர் எழுதிய சிறு கடிதங்களில் ஒன்று, செபத்தில் புகுந்துவிட்ட ஒரு மொழிபெயர்ப்புப் பிழையைத் திருத்துகிறது. விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம், அதற்குப் பதிலாக ‘விசுவாசம்’ என்று சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் முன்னதற்குப் பொருள் விரும்புகிறேன் என்பது, பின்னதற்குத்தான் நம்புகிறேன் என்பது, என்று அந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் ரோமன் எழுத்தில் தட்டுத்தடுமாறி எழுதி விளக்குகிறார். அதாவது எங்கள் முன்னோர்கள் சில காலம் ‘கடவுளை விசுவசிக்கிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘கடவுள் எனக்கு வேணும்’ என்று செபித்திருக்கிறார்கள். ஆச்சியிடம் இதைப் படித்துக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. “ரெண்டுக்கும் என்னல வித்தியாசம்? வேணும்னு இருக்கவன்தானே விசுவசிப்பான்?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

1544-இன் நடுவில் வடுகர் படை (வடக்கிலிருந்து வந்த தெலுங்குப் படை) கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டு பசியாலும் தாகத்தாலும் செத்தார்கள். சவேரியார் சிலுவையை உயர்த்திப் பிடித்துத் தனியொருவராகப் படையைத் திருப்பி அனுப்பினார் என்பது மரபுக் கதை. அவருடைய கடிதங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. உதவிப் பொருள்களுடன் இருபது தோணிகளில் புறப்பட்டிருக்கிறார்; காற்று எதிர்த்து வீசியதால் முனைக்குப் போய்ச் சேர முடியாமல் திரும்பியிருக்கிறார்; பிறகு தரை வழியாக நடந்து போய், தப்பி வந்தவர்களின் நிலையைக் கண்டு கலங்கியிருக்கிறார். காற்றுக்குப் பணிந்து திரும்பிய இந்த மனிதர்மேல் எனக்கு ஏற்படும் மதிப்பு, படையைத் தடுத்தவர்மேல் எக்காலத்திலும் ஏற்பட்டதில்லை. கச்சான் காற்றில் தோணி விடுவது என்னவென்று தெரிந்த ஊர்க்காரன் என்பதால் இருக்கலாம்.

ஆனால் கடிதங்களைப் படிப்பவர் தமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் தாங்கள் வணங்கிய சிலைகளைத் தம் கையாலேயே உடைப்பதைப் பார்க்கும்போது தமக்கு உண்டாகும் ஆறுதலைச் சொல்லி முடியாது என்று அதே கையால்தான் அவர் எழுதுகிறார். பிராமணர்களைப் பற்றி அவர் எழுதியவற்றை இன்று ஒருவர் மேடையில் வாசிக்கத் துணியமாட்டார். 1546 மே மாதத்தில் போர்த்துக்கல் அரசருக்கு எழுதியபோது இந்தியாவுக்கு விசாரணை மன்றம் (திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டிக்கும் நீதிமன்றம்) தேவை என்று கேட்டார். கோவாவில் அது 1560-இல் நிறுவப்பட்டது. அதன் கொடுமைகள் வரலாற்றில் உள்ளவை. பக்தி நூல்கள் இவற்றை விட்டுவிடுகின்றன. எதிர்ப்பு நூல்கள் இவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. இரு தரப்பு நூல்களிலும் மணியாட்டிக்கொண்டு போன, சொல் சரியா என்று கவலைப்பட்ட, துணைவரிடம் மக்களோடு பொறுமையாக இருங்கள் என்று மீண்டும் மீண்டும் கெஞ்சிய, அதே துணைவரைப் பின்னாளில் கீழ்ப்படியாமைக்காகத் தம் துறவற சபையான சேசு சபையிலிருந்தே நீக்கிய முழு மனிதர் இல்லை. அவர் செய்த தீங்கை அவர் காலத்தின்மேல் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வதும் எனக்கு நேர்மையாகப் படவில்லை.

சந்தேகம் என்பது ஏதோ நம் காலத்தில் வெளியிலிருந்து வந்து இந்த வரலாறுகளைத் தாக்கியதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. யோவான் போலாந்து என்ற சேசு சபைக் குருவின் பெயரால் போலாந்தியர் என்று அழைக்கப்படும் குழுவினர், 1643-இல் ஆண்ட்வெர்ப் நகரில் புனிதர் வரலாறுகளின் முதல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டார்கள். எந்தக் கையெழுத்துப்படி பழையது, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது, எந்தப் புனிதர் உண்மையில் வாழ்ந்தார் என்று ஒவ்வொன்றாகச் சலித்தெடுப்பதே அவர்கள் வேலை. அந்தத் தொகுப்பு 1940 வரை அறுபத்தெட்டுத் தொகுதிகளாக நீண்டது. அவர்களுள் தானியேல் பேப்பபிரோக் என்பவர், கார்மேல் துறவற சபையைப் பழைய ஏற்பாட்டு எலியா இறைவாக்கினரே நிறுவினார் என்பதற்குச் சான்று இல்லை என்று எழுதியதற்காக, 1695-இல் ஸ்பெயின் விசாரணை மன்றம் அத்தொகுதிகளுக்குத் தடை விதித்தது. அவர் இறந்த பிறகே தடை நீங்கியது. புனிதர் பட்ட வழக்குகளில் வேண்டுமென்றே எதிர்த்து வாதாடுவதற்கென்று ஓர் அலுவலரே இருந்தார்; மக்கள் வழக்கில் அவருக்குப் ‘பசாசின் வழக்கறிஞர்’ என்று பெயர். அவருடைய பணியை 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெரிதும் சுருக்கிவிட்டார். அது நல்ல முடிவு என்று நான் கருதவில்லை.

இப்படிச் சலித்தபோது சல்லடையில் தங்கிய ஒரு விந்தையை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் மிகவும் விரும்பிப் படிக்கப்பட்ட புனிதர்களுள் ஒருவர் யோசபாத் என்ற இந்திய இளவரசர். துன்பத்தைக் காணாதபடி அரண்மனைக்குள் வளர்க்கப்பட்டவர், வெளியே வந்து நோயையும் முதுமையையும் மரணத்தையும் அறிந்து, பர்லாம் என்ற துறவியிடம் உபதேசம் பெற்று, அரசைத் துறந்தவர். அவர் வேறு யாருமல்லர், புத்தர்தான். போதிசத்துவர் என்ற பெயர் அரபியிலும் ஜார்ஜிய மொழியிலும் கிரேக்கத்திலும் உருமாறி உருமாறி யோசபாத் ஆயிற்று. நவம்பர் 27 அன்று அவருடைய நினைவு பல நூற்றாண்டுகள் ரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் இருந்தது. இதைக் கேட்டுக் கேலி செய்வோர் உண்டு. எனக்கோ, பெயரும் மதமும் மாறிய பின்னும் துன்பம் கண்டு துறந்தவன் கதையை அடையாளம் கண்டுகொண்டு வணங்கிய அந்த மக்களின் காது கூர்மையானது என்றே தோன்றுகிறது. கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பிய கதையை மருத்துவ ஐயம் எழுப்பாமல் கேட்கத் தெரிந்த நமக்கு இது புரியாமல் போகக் காரணமில்லை. ஒரு புதுமையைப் படிக்கும்போது அது நடந்ததா என்ற கேள்வியை நான் விட்டுவிடுவதில்லை. அதோடு, யாருக்கு அது தேவைப்பட்டது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

புதுமைகளே வேண்டாம், சந்தேகத்தையே அறிந்த ஒரு புனிதர் வேண்டும் என்றால், பிரான்சின் லிசியே நகரத்துக் குழந்தை தெரேசாவிடம் போங்கள். ரோசாப்பூக்களை ஏந்தி நிற்கும் அவருடைய சுரூபத்தையும் படத்தையும் பார்த்து, இனிப்பான பக்திக்குரியவர் என்று நான் நீண்ட நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் 1873-இல் பிறந்து, பதினைந்தாம் வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1897 செப்டம்பர் 30 அன்று இருபத்து நான்கு வயதில் காசநோயால் இறந்தார். மறு ஆண்டே வெளிவந்த அவருடைய தன்வரலாறு, அதே மடத்திலிருந்த அவருடைய அக்கா ஆயிரக்கணக்கான இடங்களில் கைவைத்துத் திருத்திய நூல். அவர் எழுதியபடியே மூலம் வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறப்பதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகள் விண்ணகம் உண்டு என்ற உணர்வே அவரிடமிருந்து போய்விட்டது. உனக்கு மரணம் தரப்போவது நீ எதிர்பார்ப்பதை அல்ல, இன்னும் இருண்ட ஓர் இரவை, ஒன்றுமில்லாமையின் இரவை, என்று இருள் தம்மைக் கேலி செய்வதாக எழுதுகிறார். இதற்கு மேல் எழுதினால் தேவதூஷணமாகிவிடுமோ என்று அஞ்சி அங்கே நிறுத்திவிடுகிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தவர் அவர். விண்ணக மகிழ்ச்சியைப் பற்றித் தாம் பாடும் பாடல்களைக் குறிப்பிட்டு, ‘நான் விசுவசிக்க விரும்புவதையே பாடுகிறேன்’ என்று அழுத்தமிட்டு எழுதுகிறார்.

இந்த வரியை முதன்முதலில் படித்தபோது ஆச்சி உயிரோடு இல்லை. மன்சிலாஸ் கடிதத்தை எடுத்து அதன் அருகே வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும் சிறு புத்தகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவை கெட்டவை அல்ல, ஆனால் அவற்றில் எல்லாப் புனிதரும் ஒரே முகத்தோடு இருப்பார்கள். முதலில் புனிதரே எழுதியதை, அல்லது அவருடைய பகைவர் பதிந்ததைத் தேடுங்கள். பகைவர் பதிவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிரான்சு நாட்டு ஜோன் ஆஃப் ஆர்க்கின்மேல் 1431-இல் நடந்த வழக்கின் விசாரணைக் குறிப்பு. அவரை எரிப்பதற்கென்றே கூடிய மன்றத்தின் எழுத்தர்கள் எழுதியது அது. நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஆம் என்றால் இறுமாப்பு, இல்லை என்றால் குற்ற ஒப்புதல். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், ‘இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் கடவுள் என்னை அதிலேயே காப்பாராக’ என்கிறார். புனிதர்களின் குரல்கள் தமக்குக் கேட்பதாகச் சொல்லி வந்த அவர், பின் பயந்து மறுத்த அக்குரல்களை மே மாத இறுதியில் மீண்டும் ஏற்கும் பதிலுக்கு நேரே, ஓரத்தில் எழுத்தர் இலத்தீனில் இரண்டே சொற்கள் குறித்திருக்கிறார்: சாவுக்குரிய பதில். அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.