ஒரு கிலோ மருந்துக்கு எத்தனை கிலோ கழிவு?

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் விருதுநகர் பக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, ஐதராபாத்துக்கு வெளியே மாத்திரைக்குள் போகும் மூல மருந்தைச் செய்யும் ஒரு பல்க் டிரக் ஆலையில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் இரண்டு வருடம் கியூ.சி., அதாவது தரப் பரிசோதனை; அதற்கப்புறம் ஈ.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. இப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மருந்து, உயிரித்தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு சஸ்டைனபிலிட்டி கன்சல்டன்ட். சம்பளம் இங்கே வாங்குவதைவிட அதிகம்.

எங்கள் மேனேஜரிடம் சொன்னபோது, "அங்கே போனால் ஒரு வால்வைக்கூடத் திருப்ப முடியாது, உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத வேண்டியதுதான்" என்றார். அப்பா இது என்ன வேலை என்று கேட்கிறார். எனக்கே விளக்கத் தெரியவில்லை. நீங்கள் இந்தத் துறையில் பல வருடம் இருந்தவர். இதனால் உண்மையிலேயே எதுவும் மாறுகிறதா? என் ஈ.டி.பி. அனுபவம் அங்கே உதவுமா? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "ஒரு கிலோ மருந்து செய்ய எத்தனை கிலோ கழிவு ஆகிறது என்று கணக்குப் பார்த்து, அதைக் குறைக்க வழி சொல்லும் வேலை." என் வீட்டிலும் நான் அப்படித்தான் சொன்னேன். ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1992-ல் இந்தக் கணக்கை முன்வைத்தார். ஈ ஃபாக்டர் என்பார்கள், நீங்கள் படித்திருப்பீர்கள். பெட்ரோல் சுத்திகரிப்பில் ஒரு கிலோ பொருளுக்கு 100 கிராம் கழிவுகூட வராது. மருந்தில் 25 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு மேலும் போகும். பல படிகள், ஒவ்வொரு படியிலும் கரைக்க, கழுவ, படிகமாக்க சால்வென்ட், அதாவது கரைப்பான் திரவம். உயிர் காக்கும் பொருளைச் செய்யும் தொழிலில் இவ்வளவு வீணாகிறது என்று முதல்முறை தெரிந்தபோது எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

உங்கள் மேனேஜர் சொன்னதில் பாதி சரி. மருந்தின் செய்முறை ஒருமுறை ஒழுங்குமுறை அமைப்புகளிடம் பதிவாகிவிட்டால், அப்புறம் ஒரு சால்வென்டை மாற்றுவதற்குக்கூட மலையைப் புரட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில் டைகுளோரோமீத்தேன் என்ற சால்வென்டுக்குப் பதிலாக வேறொன்றைப் பரிந்துரைத்தேன். வேதியியலில் தப்பில்லை, விளைச்சலும் குறையவில்லை. பதிவுப் பிரிவின் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மருந்து விற்கும் நாடுகளின் பட்டியலை என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே மாற்ற விண்ணப்பம், கட்டணம், நிலைத்தன்மைச் சோதனை, காத்திருப்பு. மூன்று மாத உழைப்பு அந்த மேஜையிலேயே முடிந்தது. அதே யோசனையை அந்த மருந்து ஆர் அண்ட் டி-யில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும்.

அதனால் இந்த வேலையில் நான் முதலில் கேட்பது, செய்முறை யார் கையில் இருக்கிறது, அது இன்னும் திறந்திருக்கிறதா என்பதைத்தான். திறந்திருக்கும்போது உள்ளே போகிற ஆலோசகர் நிறையச் செய்யலாம். பூட்டிய பிறகும் திறந்தவர்கள் உண்டு. ஃபைசர் நிறுவனம் மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மருந்தின் செய்முறையை, அது விற்பனைக்கு வந்து பல வருடம் கழித்து மாற்றியமைத்தது. மூன்று படிகள் ஒன்றாயின. நான்கு சால்வென்ட் இருந்த இடத்தில் எத்தனால் மட்டும். ஒரு டன் மருந்துக்கான சால்வென்ட் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 2002-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது அதற்குக் கிடைத்தது. நம் ஊரில் சர்க்கரைக்குச் சாப்பிடும் சிட்டாக்ளிப்டினும் அப்படித்தான். மெர்க், கோடெக்சிஸ் இருவரும் ஒரு நொதியை அந்த வேலைக்கென்றே உருமாற்றி எடுத்து, ரோடியம் உலோகமும் உயர் அழுத்த ஹைட்ரஜனும் வேண்டாத வழியைக் கண்டார்கள். அதற்கு 2010-ல் விருது. இரண்டிலும் விளைச்சல் கூடியது, செலவு இறங்கியது, அதனால்தான் மலையைப் புரட்டினார்கள். ஆனால் அவர்கள் செய்முறைக்குச் சொந்தக்காரர்கள். இன்னொருவரின் செய்முறைப்படி செய்துகொடுக்கும் ஆலைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நீங்கள் போகும் இடங்களில் பாதி அப்படித்தான் இருக்கும்.

அங்கே என்ன செய்வது? செய்முறைக்கு வெளியே இருப்பதைப் பாருங்கள். மருந்து ஆலையில் மின்சாரத்தைப் பெருமளவு தின்பது மருந்து வினை நடக்கும் ரியாக்டர் அல்ல, சுத்த அறைகளின் காற்று. ஓர் ஆலையில் ஆயுதபூஜை விடுமுறையில், உள்ளே ஆளே இல்லாத அறைகளில், காற்றை வடிகட்டி அனுப்பும் ஏ.எச்.யூ. இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மணிக்கு இத்தனை முறை காற்று மாற வேண்டும் என்று ஆவணத்தில் இருந்தது, அதைத் தொட எல்லோருக்கும் பயம். பயம் நியாயமானது, ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே. அங்கிருந்த தர உறுதிப் பிரிவின், அதாவது கியூ.ஏ.வின், அதிகாரி ஒருவர் என்னோடு ஒரு வருடம் உட்கார்ந்தார். துகள் எண்ணிக்கை, அழுத்த வித்தியாசம், வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் பதிவு செய்தோம். அப்புறம்தான் விடுமுறை நாட்களுக்குக் குறைந்த வேகம் என்று முறைப்படி மாற்றினோம். இந்தத் தொழிலில் கியூ.ஏ.காரரின் நம்பிக்கையைச் சம்பாதிக்காமல் ஓர் அடி நகர முடியாது. நீங்கள் கியூ.சி.யில் இருந்தவர், அவர்கள் பாஷை உங்களுக்குத் தெரியும்.

ஆய்வகங்களிலும் இப்படி உண்டு. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், பழையது என்றால், ஒரு நாளைக்கு 20 யூனிட் இழுக்கும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை ஐந்தே நாளில் முடித்துவிடும். மைனஸ் 70-ல் வைத்தால் ஏறத்தாழ 30 சதவீதம் மிச்சம், பெரும்பாலான மாதிரிகளுக்கு அது போதும்.

இனி உங்கள் ஈ.டி.பி. அனுபவம். ஐதராபாத் பக்கம் இருப்பதால் அங்குள்ள படான்செரு தொழிற்பகுதி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்து வாங்கிய பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை, ஸ்வீடனைச் சேர்ந்த யோகிம் லார்சனும் குழுவினரும் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிடப் பல மடங்கு. சுத்திகரிப்புக்கு முன்பு அல்ல, பின்பு! அந்தத் தண்ணீர் ஓடைக்குப் போனது, ஓடை ஆற்றுக்குப் போனது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்தோடு வாழப் பழகினால் அது தெலங்கானாவோடு நிற்காது, மதுரையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஆய்வை இன்று வாசித்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகிறது. சி.ஓ.டி., பி.ஓ.டி. என்ற பொதுவான மாசு அளவுகளை மட்டும் பார்த்து அனுமதித்த தண்ணீரில் மருந்து இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

நம் அரசு 2020 ஜனவரியில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு வைத்து வரைவு விதி கொண்டுவந்தது. அடுத்த வருடம் வந்த இறுதி விதியில் அந்த வரம்பு இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, ஆனால் அது சட்டம் ஆகாது. சட்டம் இல்லாத இந்த இடத்தில் ஆலையை அசைக்கக்கூடியது வாங்குபவரின் கேள்விதான். வாங்குபவர் சார்பில் போகிற ஆலோசகருக்கு, எந்த டாங்கிலிருந்து எந்தக் குழாய் எங்கே போகிறது, மழை நாளில் என்ன நடக்கிறது, ராத்திரி ஷிஃப்டில் யார் எதைத் திறக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் சரியான கேள்வி வரும். உங்களுக்கு அது தெரியும். எம்.பி.ஏ. முடித்து வருபவருக்கு அதைக் கற்க வருடங்கள் ஆகும்.

ரிப்போர்ட்டும் எழுதத்தான் வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதியால் 2022-23 முதல் பெரிய 1000 பட்டியலிட்ட நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை கொடுத்தாக வேண்டும், அதனால்தான் இந்த வேலைகளே இத்தனை பெருகின. ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நிறுவனம், சிமென்ட் சூளைக்கு எரிக்க அனுப்பிய கழிவுச் சால்வென்டை "மறுசுழற்சி" என்ற தலைப்பின் கீழ் போடச் சொன்னது. எரித்ததை எரித்தது என்றுதான் எழுதுவேன் என்றேன். அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வருமானம் போனது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு மருத்துவமனை மருந்து வாங்கியிருந்தால் அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

வேலையில் சேருங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் ஆலையில் ஏதாவது ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு, உள்ளே போனது எவ்வளவு, மருந்தாக வந்தது எவ்வளவு, மிச்சம் எங்கே போயிற்று என்று முழு மாஸ் பேலன்ஸ் போட்டுப் பாருங்கள். கணக்கு இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று ஸ்டோர்ஸ்காரரிடமும் பாய்லர்காரரிடமும் போய்க் கேளுங்கள். அந்தத் தாளை ஆலையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அது அவர்களுடையது. கணக்கு போட்ட கை உங்களோடு வரும்.

அன்புடன்,
அக்கா